மாணவர்களின் முதல் ஆசிரியர்: உடல் தானம் பற்றித் தெரிந்துகொள்வோம்



ரத்த தானம் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். கண் தானம் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆனால் 'உடல் தானம்' என்று பேச்சு வந்தால் மட்டும், "சாவைப் பத்தி இப்ப எதுக்குங்க?" என்று பேச்சை மாற்றிவிடுகிறோம். ஏற்காடு மலைக் கிராமங்களில் குழுக் கூட்டங்களில் நாங்கள் இந்தப் பேச்சை எடுத்தபோதும் முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கேள்விமேல் கேள்வி வந்தது.

"அந்த உடம்பை வச்சு என்னங்க பண்ணுவாங்க?" "துணி போட்டிருப்பாங்களா?" "சாங்கியம் செய்ய விடுவாங்களா?" "அனாதைப் பொணத்தைத்தானே அங்க கொண்டுபோவாங்க?"

எல்லாமே நியாயமான கேள்விகள். அவற்றுக்கு எங்களுக்குத் தெரிந்த பதில்களை இந்த இதழில் எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். உங்களிடம் கையெழுத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து முடிவு செய்ய வேண்டும். அதோடு, இறந்தவர் உடலை ஒரு டாக்டர் மாணவர் எப்படி மதிக்கக் கற்றுக்கொள்கிறார் என்பது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். நாளைக்கு நம்ம கட்டில் பக்கத்தில் வந்து நிற்கப்போவது அவர்தான்.

படத்தைப் பார்த்துப் படித்தால் போதாதா?

டாக்டர் படிப்பில் முதல் வருடம் படிக்கிற முக்கியமான பாடம் உடற்கூறியல். எந்த எலும்பு, எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய் எங்கே இருக்கிறது, எதன் பக்கத்தில் எது போகிறது என்று கற்றுத் தருகிற பாடம் அது. இதற்கென்று கல்லூரியில் ஒரு பெரிய கூடம் இருக்கும். வரிசையாக மேசைகள் இருக்கும். மேசைமேல் இறந்தவரின் உடல் இருக்கும். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்று, மாதக்கணக்கில் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்துப் படிப்பார்கள். உடல் கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற மருந்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றியிருப்பார்கள். அந்த நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

கம்ப்யூட்டர் படம், பிளாஸ்டிக் பொம்மை எல்லாம் இப்போது இருக்கின்றன. அவற்றையும் வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் காப்பித் தோட்டத்தில் கவாத்து வெட்டக் கற்றுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் இருக்கிற செடி மாதிரி எந்தச் செடியாவது இருக்கிறதா? ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி கிளை விட்டிருக்கும். மனித உடம்பும் அப்படித்தான். ஒருவருக்கு ரத்தக்குழாய் பிரிகிற இடமும் இன்னொருவருக்குப் பிரிகிற இடமும் கொஞ்சம் மாறும். அதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பெண்களாகிய நமக்குப் புரிகிற மாதிரி ஒரு உதாரணம் சொல்கிறோம். நம் குழுக்களிலேயே பல பேர் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கர்ப்பப்பைக்கு வருகிற ரத்தக்குழாயின் அடியில்தான், சிறுநீரகத்திலிருந்து மூத்திரப் பைக்குப் போகிற குழாய் போகிறது. பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆபரேஷன் செய்யும்போது ரத்தக்குழாயைக் கட்டி வெட்ட வேண்டும், ஆனால் அடியில் போகிற குழாயில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்தப் பெண் படுகிற பாடு கொஞ்சமில்லை. இந்த இடத்தை டாக்டர் முதல்முதலாகக் கண்ணால் பார்ப்பது, முகம் தெரியாத ஒரு பெண்ணின் உடலில்தான். இடுப்பில் ஊசி போடும்போது பெரிய நரம்பு எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் போட்டால் பயமில்லை என்பதும் அங்கே கற்றதுதான்.

இது புதிய வழக்கமும் இல்லை. நம் நாட்டின் பழைய மருத்துவரான சுசுருதரின் நூலிலேயே, இறந்தவர் உடலைப் புல்லால் சுற்றி, ஓடும் தண்ணீரில் ஏழு நாள் ஊறவைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து எடுத்துப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நடுவில் பல நூறு ஆண்டுகள் தீட்டு என்று அந்தப் பழக்கம் விட்டுப்போனது. 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற வைத்தியர் துணிந்து கத்தியைக் கையில் எடுத்தார். அதற்கு முந்தின வருடம், 1835-ல்தான், சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் தொடக்கமான மருத்துவப் பள்ளி ஏற்பட்டது. 1875-ல் அங்கே நான்கு பெண்கள் மாணவிகளாகச் சேர்ந்தார்கள். 1907-ல் புதுக்கோட்டையிலிருந்து வந்து சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் டாக்டராகி வெளியே வந்தார்.

யாருடைய உடல் அது?

"அனாதைப் பொணத்தைத்தானே கொண்டுபோவாங்க?" என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு வருவோம். அதில் கசப்பான உண்மை இருக்கிறது.

டாக்டர் படிப்புக்கு உடல் வேண்டும் என்றபோது, உலகம் முழுவதும் முதலில் கை வைத்தது ஏழைகள் மேல்தான். பிரிட்டனில் அந்தக் காலத்தில் புதைத்த உடலை ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டி எடுத்து விற்றார்கள். எடின்பரோ நகரத்தில் 1828-ல் பர்க், ஹேர் என்று இரண்டு பேர் ஒருபடி மேலே போய், கொலை செய்தே உடலை விற்றார்கள். இறந்தவர்கள் பதினாறு பேர். பெரும்பாலும் போக்கிடம் இல்லாத ஏழைகள். இது வெளியே தெரிந்து ஊரே கொதித்த பிறகு 1832-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. திருட்டு நின்றது. ஆனால் ஏழைகள் விடுதியில் இறந்து யாரும் கேட்காத உடலைக் கல்லூரி எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. வசதி உள்ளவர்களுக்கு எந்தப் பயமும் இல்லை. ஏழைக்கு மட்டும், "செத்தா கூறு போட்டுடுவாங்க" என்ற பயம் வந்தது.

நம்ம மாநிலத்தில் 1951-ம் ஆண்டு உடற்கூறியல் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலோ பொது இடத்திலோ இறந்துபோன ஒருவரின் உடலை, நெருங்கிய உறவினர்கள் குறித்த காலத்துக்குள் வந்து கேட்காவிட்டால், அதைப் படிப்புக்குக் கொடுக்க இந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இந்தியாவில் பல கல்லூரிகள் நீண்ட காலம் இப்படி வந்த உடல்களை நம்பித்தான் நடந்தன. இன்றும் இது முழுதாக மாறிவிடவில்லை.

நாம் யோசிக்க வேண்டிய இடம் இது. கேட்க ஆளில்லாமல் வந்த உடலும் மாணவருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை. அவர் 'சரி' என்று சொல்லவில்லை. தானம் கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் குழுவில் ஒரு உறுப்பினரைக் கேட்காமல் அவர் பெயரில் கடன் எழுதினால் விடுவோமா? உயிரோடு இருக்கும்போது ரூபாய்க்குக் கையெழுத்து கேட்கிறோம். உடம்புக்கும் கேட்கத்தானே வேண்டும்?

தானமாக வருகிற உடல்கள் அதிகமானால்தான், கேட்காமல் எடுக்கிற வழக்கம் குறையும். தேவையும் கூடிக்கொண்டே போகிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986-ல் தொடங்கியது. பக்கத்தில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் வந்தது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நம்மைச் சுற்றியுள்ள நாமக்கல், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி மூன்றும் அதில் அடக்கம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்திருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கிற நம்ம மலைப் பிள்ளையும் நாளைக்கு அந்த மேசைப் பக்கத்தில் போய் நிற்கலாம்.

மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்?

இந்திய மருத்துவக் கவுன்சில் 2019-ல் டாக்டர் படிப்பின் பாடத்திட்டத்தை மாற்றியது. நோயாளியிடம் எப்படிப் பேசுவது, எப்படி நடந்துகொள்வது என்பதும் அதில் பாடமாகச் சேர்ந்தது. முதல் வருடத்தில் வருகிற ஒரு பாடத்தின் தலைப்பே 'இறந்தவர் உடல் நம் முதல் ஆசிரியர்' என்ற பொருளில்தான் இருக்கிறது. அந்த உடலை எப்படி மதிக்க வேண்டும் என்று மாணவர்கள் கூடிப் பேச வேண்டும், தங்கள் மனதில் பட்டதை எழுத வேண்டும்.

பல கல்லூரிகளில் முதல் நாள் உறுதிமொழி எடுக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உடலுக்கு முன்னால் பூ வைத்து, கையை நீட்டி நின்று சொல்கிறார்கள். இந்த உடலை மரியாதையாக நடத்துவோம், கேலி பேச மாட்டோம், தானம் கொடுத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் நன்றியோடு இருப்போம் என்பதுதான் அதன் சாரம்.

இப்படிப்பட்ட மாணவர்கள் எழுதுவதைப் படித்தால் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் நாள் பயம். சாப்பாடு இறங்காது. ராத்திரி தூக்கம் வராது. சில பேர் மயங்கியும் விழுவார்கள். ரெண்டு மூணு வாரத்தில் பழகிவிடும். பழகின பிறகு இன்னொரு கஷ்டம் வருகிறது. "முன்னால கிடக்கிறது ஒரு மனுஷன் என்பதே மறந்துபோச்சே" என்று திடுக்கிடுகிறார்கள். அதை நினைவுபடுத்துவது பெரும்பாலும் சின்னச் சின்ன அடையாளங்கள்தான். நகத்தில் மிச்சமிருக்கும் சாயம், கையில் குத்தின பச்சை, எப்போதோ செய்த ஆபரேஷன் தழும்பு, வேலை செய்து காய்த்துப்போன உள்ளங்கை. நெஞ்சையும் வயிற்றையும் பிரித்துப் பார்த்தபோது கலங்காத மாணவர்கள், கையைப் பார்க்கும்போது கலங்கிப்போகிறார்கள்.

இன்னொன்றும் எழுதுகிறார்கள். உடலுக்குப் பெயர் கிடையாது, எண்தான். குடும்பத்தின் ரகசியத்தைக் காக்க அப்படி வைக்கிறார்கள். அது சரிதான். ஆனால் எண்ணோடு பழகிவிட்டால், பிறகு வார்டுக்கு வரும்போது நோயாளியும் 'பன்னிரண்டாம் நம்பர் பெட்' ஆகிவிடுவார். பிரசவ வார்டில் வலியில் கத்துகிற பெண்ணை அதட்டுகிறவர்களும் ஒரு காலத்தில் இந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள்தான். பேசவே முடியாதவரை மதிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, பேசத் தெரியாமல் தயங்கி நிற்கிற மலைக்காரப் பெண்ணையும் மதிக்கும். பூ வைப்பதும் உறுதிமொழியும் இதற்காகத்தான். அந்த முதல் ஆசிரியருக்குச் செய்கிற உண்மையான மரியாதை, அவரிடம் கற்றதை உயிரோடு இருக்கிறவர்களிடம் காட்டுவதுதான்.

மற்ற நாடுகளில்

தாய்லாந்தில் உடல் தானம் செய்தவரை 'பெரிய ஆசிரியர்' என்ற பொருள் வரும் சொல்லால் அழைக்கிறார்கள். அங்கே மாணவருக்கு அவர் பெயர் தெரியும். படிப்பு முடிந்ததும் புத்த பிக்குகள் வந்து ஓத, குடும்பமும் மாணவர்களும் சேர்ந்து தகனம் செய்கிறார்கள்.

தைவானில் ட்ஸூ சி என்ற பௌத்த அமைப்பின் மருத்துவக் கல்லூரியில் 'மௌன ஆசிரியர்' என்கிறார்கள். பாடம் தொடங்கும் முன் மாணவர்கள் அவருடைய வீட்டுக்கே போய், அவர் எப்படி வாழ்ந்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். பாடம் முடிந்த பிறகு, பிரித்த இடத்தை எல்லாம் தைத்து, துணி உடுத்தி, மாணவர்களே பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பக்கத்து நாடான இலங்கையில் பௌத்தர்கள் பலர் தானம் என்ற எண்ணத்தோடு உடலைக் கொடுக்கிறார்கள். மருத்துவ பீடங்களில் அவர்கள் நினைவாகப் பிக்குகளுக்கு அன்னதானம் செய்வதும் உண்டு.

கேப்டன் லட்சுமி

நம்ம பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1914-ல் சென்னையில் பிறந்தவர் லட்சுமி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டரானார். சிங்கப்பூருக்குப் போய் ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென்று ஜான்சி ராணி படையைத் தொடங்கியபோது அதற்குத் தலைமை ஏற்றார். அந்தப் படையில் சேர்ந்த பெண்களில் நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். நம்மை மாதிரி தோட்டத்து மக்கள்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு கான்பூரில் குடியேறி, வயதான காலத்திலும் ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். 1984-ல் போபால் விஷவாயு விபத்து நடந்தபோது மருத்துவக் குழுவோடு அங்கே போனார். 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்துப் போட்டியிட்டார். 2012 ஜூலை 23 அன்று 97 வயதில் கான்பூரில் இறந்தார். அவருடைய விருப்பப்படி அவரது உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுக்கப்பட்டது. கண்களும் தானமாகப் போயின. ஒரு காலத்தில் மேசையைச் சுற்றி நின்று படித்த பெண், கடைசியில் மற்ற பிள்ளைகள் படிக்கத் தன்னையே கொடுத்துவிட்டுப் போனார்.

மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசுவின் உடல் 2010-லும், சென்னை எழுத்தாளர் ஞாநியின் உடல் 2018-லும், சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-லும் இப்படியே கொடுக்கப்பட்டன. இவர்கள் எல்லாம் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் ஆச்சே என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்தில் கொடுப்பவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள்தான். சாமி கும்பிடுகிறவர்களும் கொடுக்கலாம்.

உங்கள் கேள்விகளும் பதில்களும்

*கண் தானம், உறுப்பு தானம், உடல் தானம் எல்லாம் ஒன்றா?*
இல்லை. கண் தானம் எங்கே இறந்தாலும் செய்யலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்கள், கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள்கூடக் கொடுக்கலாம். உறுப்பு தானம் என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் மூளைச்சாவு அடைந்தவர்களிடம் எடுத்து இன்னொரு நோயாளிக்குப் பொருத்துவது. தமிழ்நாட்டில் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். உடல் தானம் என்பது முழு உடலையும் மருத்துவக் கல்லூரிக்குப் படிப்புக்காகக் கொடுப்பது. கண்ணைக் கொடுத்துவிட்டு உடலையும் கொடுக்கலாம். மற்ற உறுப்புகளை எடுத்துவிட்டால் படிப்புக்கு உடலைப் பொதுவாக வாங்க மாட்டார்கள்.

*எப்படிப் பதிவு செய்வது?*
மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் உறுதிமொழிப் படிவம் கிடைக்கும். 18 வயது முடிந்தவர்கள் நிரப்பிக் கொடுக்கலாம். போட்டோ, அடையாள அட்டை நகல், சாட்சிக் கையெழுத்து கேட்பார்கள். சாட்சி நெருங்கிய உறவாக இருப்பது நல்லது.

*கையெழுத்துப் போட்டால் கட்டாயமா?*
இல்லை. எப்போது வேண்டுமானாலும் மனதை மாற்றிக்கொள்ளலாம். அதே மாதிரி, நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் கடைசியில் கொடுக்க வேண்டியது உங்கள் குடும்பம்தான். அவர்கள் வேண்டாம் என்றால் நடக்காது. பெண்கள் விஷயத்தில் இது முக்கியம். ஆம்பளைங்களும் பங்காளிகளும் பேசி முடிவு செய்யும் வீட்டில், "அம்மா அப்படி ஆசைப்பட்டாங்களா? எங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதனால் மகன், மகள், மருமகள், அண்ணன் தம்பி எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எழுதிக் கொடுக்காமல் இறந்தவர்களின் உடலையும் நெருங்கிய உறவினர்கள் சம்மதித்தால் கொடுக்கலாம்.

*சடங்கு செய்யலாமா?*
செய்யலாம். குளிப்பாட்டி, கோடி போட்டு, வாய்க்கரிசி போட்டு, மாலை சாத்தி அனுப்பலாம். ஆனால் சில மணி நேரத்தில் உடல் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். தூரத்துச் சொந்தம் வரட்டும் என்று மறுநாள்வரை வைத்திருக்க முடியாது. பதினாறாம் நாள் காரியத்தைப் போட்டோ வைத்துச் செய்துகொள்ளலாம்.

*துணி போட்டிருப்பார்களா? ஆண்களும் பார்ப்பார்களா?*
மறைக்காமல் சொல்கிறோம். படிக்கும்போது துணி இருக்காது. மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்துதான் படிப்பார்கள். அன்றைக்குப் படிக்காத பகுதியை மூடி வைக்க வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது, வெளியில் பேசக் கூடாது என்பது ஒழுங்கு. உயிரோடு இருக்கும்போது பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் டாக்டரிடம் நாம் வெட்கம் பார்ப்பதில்லை. இதையும் அப்படி எடுத்துக்கொள்ள முடிகிறவர்கள் கொடுக்கலாம். மனது ஒப்பவில்லை என்றால் அதுவும் தப்பில்லை.

*யாருடைய உடலை வாங்க மாட்டார்கள்?*
தற்கொலை, விஷம், வண்டி விபத்து, பாம்புக் கடி, மிளகு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்தது என்று போலீஸ் கேஸ் ஆகி, பிரேதப் பரிசோதனை செய்த உடலை வாங்க மாட்டார்கள். எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, காசநோய் போன்ற தொற்று இருந்தாலும், உடல் கெட்டுப்போயிருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

*பணம் தருவார்களா?*
தர மாட்டார்கள். நாமும் கல்லூரிக்குக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. யாராவது நடுவில் வந்து கமிஷன் பேசினால் நம்ப வேண்டாம்.

*படித்து முடித்த பிறகு?*
மிச்சம் இருப்பதைக் கல்லூரியே மரியாதையோடு புதைக்கும் அல்லது எரிக்கும். சில கல்லூரிகளில் எலும்புகளைப் பாடத்துக்காக வைத்துக்கொள்வார்கள். எங்களிடம் திருப்பித் தருவீர்களா என்று படிவம் நிரப்பும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மலையில் இருக்கிற நமக்கு

கீழே சேலத்தில் இருப்பவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நமக்கு வழி தூரம். உள் கிராமத்திலிருந்து ஏற்காட்டுக்கு வந்து, பிறகு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையில் போக்குவரத்தே நின்றது நினைவிருக்கும். அதனால் எழுதிக் கொடுத்திருந்தாலும் சில நேரம் நிறைவேறாமல் போகலாம். அப்படி ஆனால் குடும்பம் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். வழக்கப்படி அடக்கம் செய்துகொள்ளலாம்.

கொடுக்க முடிவு செய்தவர்கள் செய்து வைக்க வேண்டியவை:

1. உடற்கூறியல் துறையின் போன் நம்பரை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். குழுவின் ஊக்குநரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.
2. வண்டியைக் கல்லூரி அனுப்புமா, நாமே பிடிக்க வேண்டுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.
3. வீட்டில் இறந்தால், இயற்கையான சாவு என்று ஒரு டாக்டரிடம் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் கல்லூரியில் வாங்க மாட்டார்கள்.
4. உடலைக் கொடுத்துவிட்டோமே என்று இறப்புப் பதிவை விட்டுவிடக் கூடாது. 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமத்தில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியலாம். கல்லூரி தரும் சான்றிதழ் தானத்துக்கான சான்றிதழ் மட்டும்தான். பட்டா மாற்றம், இன்சூரன்ஸ், விதவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

கொடுக்க விருப்பம் இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம்ம ஊர்களிலிருந்து குடகுக்கும் கேரளாவுக்கும் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். தனியாக இருக்கிற பாட்டிகள் வைத்தியத்துக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே ஏதாவது ஆகி, யார் என்ன என்று தெரியாமல் போனால், 'கேட்பாரற்ற உடல்' என்று எழுதிவிடுவார்கள். வெளியூர் போகிற ஒவ்வொருவர் பையிலும் பெயர், ஊர், வீட்டு போன் நம்பர் எழுதின அட்டை இருக்கட்டும். குழு உறுப்பினர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் யாராவது ஒருவர் முறை போட்டுப் போய்ப் பாருங்கள். நம் குழுவில் இருக்கிற எவரும் கேட்க ஆளில்லாதவர் என்று ஆகக் கூடாது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்த பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைப் பேசுங்கள்.

- நான் இறந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று என் வீட்டில் யாரிடமாவது சொல்லியிருக்கிறேனா?
- என் விருப்பம் நடக்க வேண்டும் என்றால் வீட்டில் யார் எனக்காகப் பேசுவார்கள்?
- நம் குழுவில் தனியாக இருக்கிறவர்கள் யார்? அவர்களுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்யலாம்?

இதில் எந்தப் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டாம். இது குழுவாகத் தீர்மானம் போடுகிற விஷயம் இல்லை. யாரையும் வற்புறுத்தவும் வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். ஒருவருக்கு மண்ணில் போவது நிம்மதி, இன்னொருவருக்கு நாலு பிள்ளைகள் படிக்க உதவுவது நிம்மதி. எதுவானாலும் அது அவர் சொல்லி நடந்ததாக இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் எங்கள் களப் பணியாளர்கள் வரும்போது கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் பெயர் போடாமல் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பதிலை அடுத்த இதழில் போடுகிறோம்.